ஒயில் ஒழுகிய இடம்

அசனார் விழுந்த செய்தி வந்தபோது இன்ஷாப் தன் கராஜில் யாருடைய சில்லுக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தான். வட்டை வயலிலிருந்து வரும் வழியில், ரோட்டின் மேலேயே வெள்ளம் பாயும் தாம்போதிக்கு இப்பால் உள்ள வளைவில், பின்சில்லு வழுக்கி மோட்டார் சைக்கிள் காலின் மேலே விழுந்ததாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். சொன்னவன் அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்ஷாபும் ஏறாவூரில் உள்ள மற்றவர்களைப் போல "அல்லாஹ்வே" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பான்.

"பின் டயர் முழுக்க ஒயிலாம் மச்சான். போன கிழமை நீதானே ஒயில் மாத்தின?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். சில பேருக்குக் கேள்வி கேட்கத் தெரியும், பதில் வரும்வரை நிற்கத் தெரியாது.

இன்ஷாப் காற்றுக் குழாயைக் கீழே போட்டான். ஒயில் மாற்றியது உண்மை. பத்து நாளைக்கு முன், பொழுதுபடுகிற நேரம். பழைய ஒயிலை வடியவிட்டான், எஞ்சினுக்கு அடியில் உள்ள நட்டைத் துடைத்தான், விரலால் முறுக்கி ஏற்றினான். அப்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பிறகு கை கழுவியது நினைவிருக்கிறது, தொப்பியைத் தேடியது நினைவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்பெனரைப் போட்டு அந்த நட்டை இறுக்கினானா இல்லையா என்பது மட்டும் நினைவில் இல்லை.

பதினைந்து வருடமாக நட் இறுக்கிய கை அது. அதனாலேயே எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத கை. விரலால் முறுக்கிய நட் பத்து நாள் கல்லிலும் குழியிலும் ஆடினால் தளரும். தளர்ந்தால் ஒயில் ஒழுகும். ஒழுகினால் டயரில் படும். டயரில் பட்டால் வளைவில் மனிதன் விழுவான். இந்தக் கணக்கை அன்று இரவு முழுவதும் அவன் பாயில் கிடந்து எத்தனை தடவை போட்டான் என்று அவனுக்கே தெரியாது. எத்தனை தடவை போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது.

"நீங்க நட் இறுக்காம விடுற ஆளா? சும்மா படுங்க" என்றாள் மனைவி ரிப்கா.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இறுக்காமல் விடுகிற ஆள் இல்லை என்று ஊர் நம்பித்தானே பழைய பைக்குகளை எல்லாம் அவனிடம் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த நம்பிக்கையில்தானே அண்ணன்போன்ற அசனார் காக்காவும் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வந்திருப்பார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அசனாரின் மனைவி நஸீறா ஆள் அனுப்பினாள். பைக் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஒருக்கா வந்து பார்க்கட்டாம்.

அவன் ஸ்பெனர் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான். வழியில் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவர்கள் மழையைப் பற்றிக்கூடக் கதைத்திருக்கலாம். ஆனால் மடியில் கனமுள்ளவனுக்கு வழியெல்லாம் பயம்தானே. அவன் ஸலாம் சொன்னான். பதில் ஸலாம் கொஞ்சம் பிந்தி வந்ததாக அவனுக்குப் பட்டது.

மோட்டார் சைக்கிள் முற்றத்து மாமரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அசனாரின் கலியாணத்துக்கும் முந்திய ஜப்பான் சாமான் அது. சங்கிலி மூடி எப்போதோ கழன்று போய்விட்டது, சீற்றுக்கு உரப்பையால் உறை தைத்திருந்தது. இப்போது கைபிடி ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கமெல்லாம் சேறு அப்பி, எஞ்சினின் கீழ்ப்பகுதி முழுவதும் கறுப்பாக ஒயிலில் குளித்திருந்தது. பின் டயரை விரலால் தொட்டுப் பார்த்தான். மினுமினுவென்று ஒட்டியது.

நஸீறா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி வந்து நின்றாள். இரவு ஆஸ்பத்திரியில் மகனை விட்டுவிட்டு விடியற்காலைதான் வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நாளைக்கு ஒப்பரேசன் தம்பி. தகடு வெச்சி ஆணி அடிக்கணுமாம். அந்த நோவுக்குள்ளயும் மனிசன் கேக்கிற ஒரே கேள்வி, ஒயில் எங்கால வந்த, ஒயில் எங்கால வந்த என்டுதான். தியேட்டருக்குப் போகமுந்தி அவருக்கு ஒரு மறுமொழி சொல்லணும். அதான் உங்களக் கூப்பிட்ட."

"பாப்பம் ராத்தா" என்றான். ஸ்பெனர் பையைக் கீழே இறக்கினான்.

"தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்" என்று அவள் உள்ளே போனாள்.

இன்ஷாப் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினான். பையிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பெனரை எடுத்தான். அந்த நேரத்தில் அவன் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நட் தளர்ந்திருந்தால் ஒரே முறுக்கில் இறுக்கிவிடலாம். அவள் தேத்தண்ணியோடு வருவதற்குள் முடிந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு நின்றது, வேறு யாரும் இல்லை. அசனார் காக்காவுக்கு, பைக் பழசு காக்கா, பழசு என்றால் ஒழுகும்தானே என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் நினைத்தவன் ஐந்து நேரமும் தொழுகிறவன், கெட்டவனும் அல்ல. பயம் அப்படித்தான் ஆளை யோசிக்க வைக்கும்.

நட்டில் சேறு அப்பியிருந்தது. துடைத்தான். ஸ்பெனரைப் பொருத்தினான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

அது அசையவில்லை. மறுபடியும் இழுத்தான். கல்லுப்போல இருந்தது. ஸ்பெனர் போட்டு இறுக்கிய நட்தான். அவனுடைய கை, அவனுக்கே சொல்லாமல், அன்றைக்கு வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை உரம் இறங்கியதுபோல இருந்தது. அந்த நிமிடத்தில் அசனாரின் முறிந்த கால் அவனுடைய நினைவில் இல்லவே இல்லை.

நஸீறா தேத்தண்ணியோடு வந்தாள். "ராத்தா, இஞ்ச பாருங்க. நட் இறுக்கமாத்தான் இரிக்கி. என்ட வேலையால வந்ததில்ல இது" என்றான். அவசரப்பட்டுச் சொன்னான்.

"நான் உங்களச் சொல்லவே இல்லையே தம்பி" என்றாள் அவள்.

"நீங்க சொல்லல்ல. ஊரு சொல்லும்."

"ஊர் வாய மூட உலமூடி இரிக்கா? அத உடுங்க. அப்ப ஒயில் எங்கால வந்த?"

அதுதான் கேள்வி. நட் இல்லையென்றால் வேறு எங்கே? பைக் விழுந்து கிடந்ததால் ஒயில் எல்லா இடத்திலும் பரவிப் போயிருந்தது. எல்லா இடமும் நனைந்திருந்தால் நனைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, பழைய பல்லுத்துலக்கியால் எஞ்சினை ஒரு மூலை விடாமல் தேய்த்துக் கழுவினான். துணியால் துடைத்தான். வெயில் கொஞ்சம் தலை காட்டியிருந்தது, காயவிட்டான்.

"வீட்டில கோதம்ப மா இரிக்கா ராத்தா?"

"ரொட்டிக்கு வெச்ச மா கொஞ்சம் இரிக்கி. என்னத்துக்கு?"

"எஞ்சினுக்குப் பூசுற. எங்க ஒயில் கசியுதோ அங்க மா முதல்ல நனையும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் தெரியும்."

அவள் ஒரு கோப்பை மாவோடு வந்தாள். அவன் உள்ளங்கையில் அள்ளி ஊதி ஊதிப் பூசினான். கறுத்துக் கிடந்த எஞ்சின் பவுடர் போட்ட மாப்பிள்ளைபோல வெள்ளையாகிவிட்டது. வேறொரு நாளென்றால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். அவள் வளைந்த கைபிடியைப் பிடித்துக்கொள்ள, அவன் கிக்கரை உதைத்தான். நாலாவது உதைக்கு எஞ்சின் பிடித்தது.

அவன் மண்ணில் முழங்கால் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலைப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வலது பக்கமும் அப்படித்தான். மூன்றாவது நிமிடத்தில் இடது பக்கம், சங்கிலி மாட்டியிருக்கும் சின்னப் பல்சில்லுக்குப் பின்னால், மா பழுப்பாக மாறியது. பிறகு ஒரு துளி கட்டியது. பிறகு அது நூலாக ஓடிச் சங்கிலியில் விழுந்தது. ரோட்டில் ஓடும்போது சங்கிலி அதை அள்ளிக்கொண்டு போய்ப் பின்சில்லில் தெறித்திருக்கும்.

"அந்தா!" என்றாள் நஸீறா.

"சீல் போயிட்டு ராத்தா. உள்ளுக்க ஒரு றப்பர் வளையம், ஒயில் வெளிய வராம மறிக்கிற. பழசாகினா வெடிக்கும்."

அவ்வளவுதான். பழைய பைக், பழைய சீல். யார்மேலும் பிழையில்லை. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு எழும்பியிருக்கலாம். நஸீறாவும் ஆஸ்பத்திரிக்குப் போய் அதையே சொல்லியிருப்பாள். அசனாரும் ஓம் என்று கண்ணை மூடியிருப்பார். ஆனால் நல்ல வேலைக்காரனுக்குக் கை ஒரு சனியன். அது பல்சில்லைக் கழற்றிச் சீலைப் பார்க்காமல் விடவில்லை.

சீல் வெடித்திருக்கவில்லை. றப்பர் இன்னும் மெத்தென்று இருந்தது. அது இருக்கவேண்டிய குழியிலிருந்து நக அளவு வெளியே தள்ளப்பட்டிருந்தது. பழசான சீல் கசியும். தானாக வெளியே வராது. உள்ளேயிருந்து எதுவோ அதைத் தள்ளியிருக்கிறது.

தள்ளியது எது என்று இன்ஷாபுக்குத் தெரியவேண்டியிருந்தது. பல்சில்லைப் பூட்டினான், எஞ்சினை மறுபடி இயக்கினான், ஒயில் ஊற்றுகிற மூடியைப் பிடித்து மெல்லத் திருகினான். 'புஸ்' என்று காற்று சீறி, முகமெல்லாம் சூடான ஒயில் தூறியது. நஸீறா கையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் முகத்தைத் துடைக்காமல் கீழே பார்த்தான். மூடி திறந்திருந்தபோது, சீலிலிருந்து ஓடிய நூல் நின்றுபோயிருந்தது. மூடியை இறுக்கினான், மறுபடியும் ஓடியது.

"என்ன தம்பி?"

"மூச்சு முட்டுது ராத்தா" என்றான் மெதுவாக. "எஞ்சினுக்கும் வயிறு இரிக்கி. உள்ளுக்க இரிக்கிற காத்து வெளிய போய் வரணும். அதுக்கெண்டே ஒரு குழாய் வெச்சிரிக்கான். அது அடைபட்டா காத்துப் போக வழியில்ல, ஒயிலத் தள்ளிட்டு வெளிய வரும்."

சொல்லிக்கொண்டே கையை எஞ்சினுக்குப் பின்னால் விட்டான். கறுப்பு றப்பர் குழாய் கையில் பட்டது. அதைத் தடவிக்கொண்டே நுனிவரை போனான். நுனியில் மொத்தமாக ஏதோ இருந்தது. இழுத்து வெளியே எடுத்தான். குழாயின் வாயில் பூப்போட்ட சீலைத்துண்டு திணித்து, நுனியை மடித்து, அதற்கு மேலே சைக்கிள் டியூப் நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. அழகான கட்டு. பொறுமையாகக் கட்டியது.

"இத ஆரு ராத்தா கட்டின?"

"நான்தான்" என்றாள் நஸீறா. முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அவருக்குக் குனிய ஏலா, இடுப்பு நோவு. போன வெள்ளிக்கிழம தாம்போதில முழங்காலளவு தண்ணிதானே போன? அண்டைக்குக் காலைல கட்டின. வெள்ளம் வடியும்வரைக்கும் கிடக்கட்டும் என்டு உட்ட. ஏன் தம்பி, சரியாக் கட்டல்லயா? நீங்க சொன்ன மாதிரித்தானே கட்டின?"

"நான் சொன்னயா?"

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்து, அங்கிருந்து யார் யாரோ அனுப்பி, அவளுக்கு அவளுடைய தங்கை அனுப்பியது. அழுத்தினாள். மாமரத்தடியில் இன்ஷாபின் குரலே உற்சாகமாகக் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். தாம்போதியால பைக்ல போற ஆக்களுக்கு ஒரு விசயம். எஞ்சின நிப்பாட்டித் தள்ளிட்டுப் போங்க. எஞ்சினுக்குப் பின்னால கறுப்பு றப்பர் குழாய் ஒண்டு தொங்கும். அதுக்குள்ளாலதான் தண்ணி போற. ஒரு சீலத்துண்டால அத நல்லா இறுக்கி அடைச்சிப் போடுங்க. ஒரு சொட்டுத் தண்ணியும் எஞ்சினுக்குள்ள போகாது. மத்தவங்களுக்கும் அனுப்புங்க."

அத்தோடு முடிந்தது. அவன் மறுபடி போடச் சொன்னான். அவள் போட்டாள். அடைக்கச் சொல்லியிருந்தான், இறுக்கச் சொல்லியிருந்தான், மற்றவர்களுக்கு அனுப்பவும் சொல்லியிருந்தான். அக்கரைக்குப் போனதும் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்று சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய ஒன்று என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பைக் திருத்துகிறவனுக்கு அது சோற்றை மென்று விழுங்கு என்று சொல்வதைப் போன்றது. அன்று அந்தக் குரலுக்கு நாற்பது பேர் கட்டைவிரல் போட்டார்கள், இரண்டு பேர் துஆ எழுதினார்கள். அவன் ரிப்காவுக்குக் காட்டிச் சிரித்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவன் காலை முறித்துவிட்டது.

நஸீறா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையிலிருந்த பூப்போட்ட துண்டைப் பார்த்தாள். கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

"தம்பி... அப்ப நான் கட்டினதாலயா அவரு விழுந்த?"

அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம், இரண்டு கணம். அந்த மௌனத்துக்குள் அவனுக்கு ஒரு வசதி இருந்தது. கட்டியவள் அவள். அவிழ்க்காமல் விட்டவர் அசனார். அவன் சும்மா இருந்தால் போதும், பிழை தானாக அவர்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அவளும் அதை யாருக்கும் சொல்லமாட்டாள். புருசனுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து, சாகும்வரைக்கும் தனக்குள் வைத்துக்கொள்வாள். அவள் அந்தத் துண்டைக் கட்டிய தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல ராத்தா" என்றான். "நீங்க இல்ல. அடைக்கச் சொன்னது நான். கழட்டச் சொல்லாததும் நான். அவர உழுத்தினது நான்தான்."

அவள் மரத்தடி வேரில் உட்கார்ந்தாள். அழவில்லை. பிறகு, "அவருக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. என்னால ஏலா" என்றாள்.

"சொல்றன். இண்டைக்கே சொல்றன்" என்றவன், அவளுடைய போனை மறுபடி பார்த்தான். குரலுக்கு மேலே 'பலமுறை பகிரப்பட்டது' என்று சின்ன எழுத்தில் கிடந்தது. அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. இது அசனாரின் கால் மட்டுமில்லை. எத்தனை முற்றங்களில் எத்தனை நஸீறாக்கள் பொறுமையாகக் குந்தியிருந்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்? எத்தனை பைக் இந்த நேரத்தில் உரத்தோடும் பிள்ளைகளோடும் ஓடிக்கொண்டிருக்கிறது?

தன் போனை எடுத்து, அடைத்ததை உடனே கழற்றச் சொல்லி அதே குழுவுக்குப் புதிதாக ஒரு குரல் பதிவு செய்து அனுப்பினான். ஒரு நிமிடம் காத்துப் பார்த்தான். கேட்டவர்கள் மூன்று பேர். வட்டையில் நிற்பவர்கள் போனை மழைக்குப் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பார்கள். பின்னேரத் தொழுகையான அசருக்கு அவர்கள் வீட்டுக்குத் திரும்ப வெளிக்கிடுவார்கள். அசருக்கு இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்லை.

பையை அங்கேயே போட்டுவிட்டுச் சைக்கிளில் பள்ளிவாசலுக்கு ஓடினான். பாங்கு சொல்லும் மோதினார் கச்சி முகம்மது தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தார். ஊரில் ஒருவர் இறந்தால் மைக்கில் மௌத்து அறிவிப்பதும், காணாமல் போன ஆட்டை அறிவிப்பதும் அவர்தான். இன்ஷாபின் ஒயில் வழிந்த முகத்தைப் பார்த்ததும், "ஆரு மௌத்து?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்ல. இன்னும் இல்ல" என்றான். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னான்.

மோதினார் தாடியைத் தடவினார். நல்ல மனிதர். "சரி, குழாய் அடைச்ச ஆக்கள் கழட்டட்டாம் என்டு நான் சொல்றன். உன்ட பேரு என்னத்துக்கு? கராஜ் வெச்சிப் பிழைக்கிற பொடியன் நீ. அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே, போதும்."

"என்ட பேரச் சொல்லித்தானே எல்லாரும் கட்டின. என்ட வாயால சொன்னாத்தான் கழட்டுவாங்க. பேரில்லாட்டி ஆரோ பேய்க்கத கதைக்கான் என்டு போயிருவாங்க. மைக்க எனக்குத் தாங்க."

மோதினார் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு சுவிச்சைப் போட்டார். கூரையில் இருந்த நாலு ஒலிபெருக்கிக் குழாயும் கரகரத்தன. இன்ஷாப் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தான். சுவர் ஓரம் இருந்த மூன்று கிழவர்கள் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"நான் கராஜ் இன்ஷாப் கதைக்கிறன். போன கிழமை நான் அனுப்பின குரல் பிழை. என்ட பிழையாலதான் அசனார் காக்கா உழுந்து கால் முறிஞ்சி கிடக்காரு. பைக்ட பின் குழாய்ல சீலத்துண்டு அடைச்ச ஆக்கள், இப்பவே நிப்பாட்டிக் கழட்டுங்க. வீட்ட போய்க் கழட்டலாம் என்டு இரிக்காதீங்க. நிக்கிற இடத்தில கழட்டுங்க. என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க."

மூன்று தடவை சொன்னான். மூன்றாம் தடவை குரல் உடைந்தது. மைக் அதையும் ஊருக்குக் கொண்டுபோனது.

வெளியே வந்தபோது பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பைக் ஓரமாக நின்றது. ஓட்டி வந்தவன் ரோட்டிலேயே முழங்கால் போட்டு எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய மனைவி கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்சில்லின் ஓரத்தில் ஒயில் மினுங்கத் தொடங்கியிருந்தது.

அவன் ஒரு நீலச் சீலைத்துண்டை இழுத்து எடுத்தான். எழும்பி வந்து, ஏசவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை, அதை இன்ஷாபின் கையில் வைத்தான்.

"புள்ளைக்குக் கிளினிக். இப்பத்தான் வெளிக்கிட்ட" என்றான்.

துண்டு இன்னும் சூடாக இருந்தது. இன்ஷாப் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வட்டையிலிருந்து திரும்பும் பைக்குகளுக்காகத் தாம்போதிப் பக்கமிருந்து வரும் ரோட்டையே பார்த்தபடி நின்றான்.